பட்டணத்து மியூசியத்தில் எங்கள் பெருமாளைத் தேடி நடந்தது

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. மூன்று முறை காகிதம் வாங்கினேன். ஒன்றில் என் மகள் எழுத்துப் பழகினாள். ஒன்று மழைக்காலத்தில் ஊறிப்போயிற்று. மூன்றாவதில் நானே நாலு வரி எழுதிக் கிழித்து அடுப்பில் போட்டேன். நாலாம் வகுப்போடு நின்றவன், எழுத வராது என்று கேட்டவர்களிடம் சொல்லிவந்தேன். உண்மைக் காரணம் வேறு. இதை எழுதினால் என் தப்பை எழுதியாக வேண்டும். அந்தத் தப்பை என் அண்ணன் இத்தனை காலமாகத் தன் தப்பாகச் சுமந்துகொண்டிருக்கிறார். எழுதாதே என்று என்னைத் தடுத்தவரும் அவரே.

இப்போது துணிந்ததற்குக் காரணம், எங்கள் கோயில் உற்சவத்துக்காக ஒரு சிறு புத்தகம் அச்சுப் போடுகிறார்கள். பெருமாள் தாமாகவே ஆற்றில் குதித்தார் என்றும், பட்டணத்திலிருந்து கனவில் வந்து கூப்பிட்டார் என்றும் அதில் சேர்த்து எழுதியிருக்கிறார்களாம். கனவு யாருக்கும் வரவில்லை. அவர் செய்யாததைச் செய்தார் என்று சொல்லி அவருக்கு நாம் பெருமை தேடித்தர வேண்டியதில்லை. செய்ததே போதும்.

எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுத அண்ணன் உத்தரவு கொடுக்கவில்லை. நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டுவது எங்கள் குடும்பத்துக் கைங்கரியம். எனக்குப் பதினாறு வயதில், தீர்த்தவாரி நாளன்று, உற்சவப் பெருமாளைத் தோளுக்கினியான் என்னும் சிறு பல்லக்கில் நாலு பேர் தூக்கி, ஆற்று நடுவிலுள்ள கல்மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். மேற்கே மலையில் மழை பெய்தது எங்களுக்குத் தெரியாது. திரும்பும்போது, கணுக்காலுக்கு ஓடிய தண்ணீர் பேசிக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு வந்துவிட்டது. பூக்குடலையோடு பக்கத்தில் நடந்த நான் பாசிக் கல்லில் வழுக்கினேன். பல்லக்கின் பின்கொம்பைத் தாங்கியிருந்த அண்ணன், கொம்பை விட்டுவிட்டு என் குடுமியைப் பிடித்தார். நான் கரையேறினேன். பெருமாள் ஆற்றோடு போனார். மற்ற மூவரும் வெள்ளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின் மூன்று மாதம் மணலைக் கிளறித் தேடினார்கள். எப்படி விழுந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் அண்ணன், "கை வழுக்கிட்டு" என்றார். என்னைப்பற்றி ஒரு சொல் இல்லை. சொல்லியிருந்தால் கைங்கரியம் எங்கள் வீட்டை விட்டுப் போயிருக்கும். எனக்கு ஒருவரும் பெண் கொடுத்திருக்கமாட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. அன்றுமுதல் ஊரில் அவருக்குப் பெயர் 'கைவிட்ட நம்பி'. அதற்குப்பிறகு கோயில் வாசலைத் தாண்டி அவர் போனதில்லை. மூலவருக்கும் நாச்சியார்களுக்கும் மாலையை வீட்டில் அவர் கட்டுவார். நான் உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பேன். கோயிலில் நாச்சியார்கள் இருவருக்கும் நடுவே பெருமாள் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. பெருமாள் வீதியில் எழுந்தருளும் புறப்பாடும் ஊரில் நின்றுபோயிற்று.

பதினெட்டு வருஷம் கழிந்தது. ஒருநாள் எங்கள் ஊர்க் கர்ணம் தாலுக்காக் கச்சேரியில் ஒரு சேதி கேட்டு வந்தார். ஆறு ஓடும் கிழக்குப் பக்கத்தில், கரையோரம் செங்கல்லுக்கு மண் வெட்டியவர்களுக்கு ஒரு பெருமாள் விக்கிரகம் கிடைத்ததாம். புதையல் சட்டப்படி சர்க்கார் எடுத்துச் சென்னைப்பட்டணத்து மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். ஊரார் மனுப் போட்டார்கள். பதில் வந்தது. உங்கள் தாலுக்காவிலிருந்தே இரண்டு பெருமாள்கள் வந்திருக்கிறார்கள், வேறோர் ஊராரும் கேட்கிறார்கள், அடையாளம் காட்டக்கூடியவர் நேரில் வரவும் என்று எழுதியிருந்தது.

யார் அடையாளம் காட்டுவது? பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்துவந்த அர்ச்சகர் காலமாகிவிட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சிரித்த முகம் என்றார் ஒருவர். எந்தப் பெருமாள் அழுத முகமாக இருக்கிறார் என்று கர்ணம் கேட்டார். கடைசியில் எங்கள் வீட்டுக் கயிறு பேச்சில் வந்தது.

அது மாலைக்கு அளவு பார்க்கும் கயிறு. பருத்தி நூலை முறுக்கி மஞ்சள் தோய்த்தது. பெருமாளின் ஒரு திருவடியில் தொடங்கித் தோள் ஏறி, மறு தோள் வழியாக மறு திருவடிவரை வரும் நீளம். ஒன்பது முடிச்சுகள். நாலாம் முடிச்சுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் மாலையில் பூ வைக்கக் கூடாது, வெறும் நார்தான் விட வேண்டும். ஏன் என்று எங்கள் தகப்பனாருக்கே தெரியாது. கயிறு எங்களிடம் இருந்ததால் என்னைப் போகச் சொன்னார்கள்.

அண்ணன் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நார் கிழித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "மியூசியங்கிறது கோயிலாலே?" என்று கேட்டார்.

"கோயில் இல்லண்ணே. சர்க்கார் கட்டடம்."

"அப்பம் நானும் வாரேன்" என்றார்.

திருநெல்வேலிவரை இரட்டை மாட்டு வண்டி. ஸ்டேஷனில் அண்ணன் ரயிலை முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, "பெருமாள் இதுலதான் போயிருப்பாரு. எந்தப் பெட்டியிலன்னு கேளு" என்றார். நான் கேட்கவில்லை. மூன்று வேளைக்குப் புளியோதரையும் எள்ளுத் துவையலும் கட்டிக் கொண்டுபோனோம். ஆற்றுத் தண்ணீர் ஒரு செம்பு. வாயை மெழுகுத்துணியால் கட்டியிருந்தோம். மதுரைக்கு முன்பே ரயில் குலுங்கியதில் பாதி கொட்டி என் மடி நனைந்தது. மிச்சத்தை அண்ணன் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் எதிரில் பாளையங்கோட்டைப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருந்தார். மகளை உபாத்தியாயினிப் படிப்பில் சேர்த்துவிடப் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வாய்விட்டு வாசித்தாள். நாங்கள் சாப்பிடும்போது வாத்தியார் எழுந்துபோய்க் கதவருகே நின்றுகொண்டார். அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை; இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. திரும்பி வந்து எங்களுக்கு இரண்டு பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டோம்.

"மியூசியத்துல நடை எத்தனை மணிக்குச் சாத்துவாக?" என்று அவரிடம் அண்ணன் கேட்டார்.

"அஞ்சு மணிக்கு, அண்ணாச்சி. ஆனா அங்கன பூசை கிடையாது பாத்துக்கிடுங்க. சும்மா நிறுத்தி வச்சிருக்காக."

"நைவேத்தியம்?"

"ஒண்ணும் கிடையாது."

அண்ணன் மடியிலிருந்த செம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எத்தனை வருசமா பட்டினி" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். வாத்தியார் ஒரு தாளில் திருவல்லிக்கேணி, பாலம், பெரிய சாலை, மியூசியம் என்று கோடு போட்டுக் கொடுத்து, "ஜட்காக்காரன் கண்டதைச் சொல்லுவான். பைய நடந்தே போங்க" என்றார்.

திருவல்லிக்கேணியில் ஒரு சத்திரத்தில் இறங்கினோம். அண்ணன் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து மோந்து பார்த்தார். "இந்தத் தண்ணியில பருப்பு வேகுமாலே?" என்றார். வெந்தது. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சத்திரத்துக்காரர் காலையில் காப்பி என்று ஒன்று கொடுத்தார். கஷாயம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்த அண்ணன், மறுநாள் அது எப்போது வரும் என்று கேட்டார்.

முதல் நாள் வாத்தியார் சொன்னபடி நடந்தோம். பாதி வழியில் தாளைப் பார்த்துத் திகைத்து நின்றபோது குதிரை வண்டியோடு வந்த ஒரு ஜட்காக்காரன், "எந்தக் காலேஜுக்குப் போறீங்க? உயிர்க் காலேஜா, செத்த காலேஜா?" என்றான். பட்டணத்தில் மியூசியத்துக்கும் காலேஜ் என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பெருமாள் செத்த இடத்தில் இருப்பாரா? "உயிர்க் காலேஜ்" என்றேன். அவன் கைகாட்டிய பக்கம் நடந்தோம். வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து ஒரு தோட்டத்துக்குள் போனால், கூண்டுக்குள் புலி.

"இவருக்கா மாலை?" என்றார் அண்ணன். "கயித்தை எடுலே, அளவு பாப்போம்."

புலியும் குரங்கும் உயிரோடு இருப்பதால் அது உயிர்க் காலேஜ் என்றும், நாங்கள் போக வேண்டியது மற்றது என்றும் அங்கே தோட்டவேலை செய்தவர் சொன்னார். திரும்பும் வழியில் டிராம் ஏறினோம். மாடும் குதிரையும் இல்லாமல் வண்டி ஓடுவதை அண்ணன் நம்பவில்லை. இறங்கிப் பார்க்கிறேன் என்று ஓடும்போதே பின்பக்கமாகப் பார்த்து இறங்கினார். முழங்கையில் சிராய்ப்பு. செம்புத் தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்தபிறகுதான் எழுந்தார். அதன்பிறகு பட்டணத்தில் நாங்கள் வண்டி ஏறவே இல்லை.

வழியில் ஒரு கைத்தொழில் பள்ளிக்கூடத்தின் காட்சிச்சாலை இருந்தது. மர வேலை, பித்தளை வேலை, பானை என்று வரிசையாக வைத்திருந்தார்கள். பின்கொட்டகையில் ஒருவர் புதிதாக வார்த்த சிறு விக்கிரகத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் முள் முள்ளாக நின்றது. உலோகம் பாயும் வழியில் அப்படி முள் நிற்கும், தேய்த்து எடுத்துவிட வேண்டும் என்றார். ஊரிலேயே புதுப் பெருமாள் வார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அண்ணனுக்கும் வந்திருக்கும். "புதுசு புதுசுதான். போவோம்" என்றார்.

மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றினோம். வாசல் சேவகன் சிரித்தான். "இன்னா பெரியவரே, கோயிலா இது? போட்டுக்கினே போ." நாங்கள் போட்டுக்கொள்ளவில்லை. எங்களைப்போலவே வெறுங்காலோடு இன்னும் பத்துப் பேர் உள்ளே இருந்தார்கள்.

எத்தனை பெரிய கட்டடம்! பஞ்சடைத்த பறவைகள், பாம்புகள், கல்லில் செதுக்கிய பெண்கள், யாரோ ராஜாவின் கத்திகள். கூரையிலிருந்து ஒரு திமிங்கிலத்தின் எலும்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் தேர் அளவு இருக்கும். அண்ணன் அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார். "நம்ம ஆத்துல இப்படி ஒண்ணு இருந்திருந்தா, மீன் முழுங்கிட்டுன்னு சொல்லி நானும் தப்பிச்சிருப்பேன்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

விக்கிரகங்கள் இருந்த அறைக்குள் நுழைந்ததும் நாங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். அத்தனை தெய்வங்களும் ஒரு முழத் துணிகூட இல்லாமல் நின்றார்கள். பூ இல்லை, விளக்கு இல்லை. கழுத்தில் ஒரு சிறு சீட்டில் நம்பர். குளித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் முன் தெரியாமல் போய் நின்றுவிட்டதுபோல இருந்தது. குனிந்த தலையோடு, சர்க்கார் பதிலில் குறித்திருந்த நம்பரை மட்டும் தேடிக்கொண்டே போனோம். எங்கள் தாலுக்காப் பெருமாள்கள் இருவரும் அடுத்தடுத்து நின்றார்கள். உயரம் ஒன்றுபோலத்தான். ஒன்றேமுக்கால் முழம் இருக்கும்.

நான் பார்த்தேன். அண்ணன் பார்த்தார். எங்களுக்கு இருவரையும் தெரியவில்லை.

சேவகனிடம் கெஞ்சி, தொடாமல் கயிற்றை மட்டும் தோள்மேல் போட்டுப் பார்த்தோம். முதல் பெருமாளுக்கு ஒரு சாண் நீளமாகத் தொங்கிற்று. இரண்டாமவருக்கும் ஏறக்குறைய ஒரு சாண். சிவப்பு நூல் சுற்றிய இடம் இருவருக்கும் சும்மா காற்றில் நின்றது. திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அதே அளவுதான். அண்ணன் கயிற்றை வாங்கிச் சுற்றி என் மடியில் வைத்தார்.

"நம்ம ஆளு இங்க இல்லலே" என்றார். "இன்னும் ஆத்துலதான் கிடக்காரு."

திருவல்லிக்கேணிக்குத் திரும்பும்போது அண்ணன் பத்தடி முன்னாலேயே நடந்தார். கடற்காற்று வீசிற்று. சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "ஏன் சாமி, ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டாள். வாங்கித் தின்றோம். உப்பு அதிகம்.

மறுநாள் விடியற்காலையில் நான் மட்டும் திருவல்லிக்கேணிப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். அண்ணன் தெருவிலேயே நின்றுகொண்டார். அன்று உற்சவருக்குத் திருமஞ்சனம். அபிஷேகம் ஆகி, துடைத்து வஸ்திரம் சாத்தும் நேரம் வந்தது. அர்ச்சகர் திரையை இழுத்து மூடினார். எல்லோரையும்போல நானும் கைகட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சற்றுப் பொறுத்துத் திரை விலகிற்று. பட்டும் பரிவட்டமும் நகையுமாகப் பெருமாள் சேவை சாதித்தார். அபிஷேகத்தின்போது ஒற்றை ஈரத்துணியில் பார்த்ததைவிட ஒன்றரைப் பங்கு பெரியவராக இருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் கயிறு வஸ்திரத்தோடு எடுத்த அளவு. உள்ளே இரண்டு சுற்று வேஷ்டி, மேலே பட்டு, தோளில் அங்கவஸ்திரம், அதன்மேல்தான் எங்கள் வீட்டு மாலை ஏறும். நாங்கள் திரைக்கு இந்தப் பக்கத்து ஆட்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கும் பெருமாளின் திருமேனி தெரியாது. அவர் உடுத்தி நிற்பதைத்தான் நூறு வருஷமாகப் பெருமாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தீர்த்தம்கூட வாங்காமல் வெளியே ஓடினேன். சொன்னதும் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது ஏன்லே நேத்து உனக்குத் தெரியல?"

"உங்களுக்கும் தெரியலையே அண்ணே!"

"நான் வயசானவன்" என்றார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு.

புது வேஷ்டி ஒன்றும் அங்கவஸ்திரம் ஒன்றும் வாங்கினோம். மியூசியத்தில் உதவி அதிகாரியாக ஒரு தமிழர் இருந்தார், தஞ்சாவூர்ப் பக்கம். கண்ணாடி போட்டவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். விக்கிரகத்தைத் தொடுவதற்கு விதி இல்லை என்றார். துரையைக் கேட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனார். நாங்கள் அந்தத் திமிங்கிலத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து இறங்கி வந்து, "ஒரே ஒரு தடவை. என் கண் முன்னால். சேவகன்தான் துணியைச் சுற்றுவான்" என்றார்.

அண்ணன் சேவகனைப் பார்த்து, "குளிச்சீரா வே?" என்று கேட்டார்.

"இன்னாய்யா இது! காலைலயே குளிச்சாச்சு."

"எத்தனை மணிக்கு?"

"இதுக்கும் ரிஜிஸ்டர் வச்சிருக்கணுமா?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, நீங்களே செய்யுங்கள் என்றார். தோட்டத்துக் குழாயில் இருவரும் தலை முழுகினோம். செம்பில் மிச்சமிருந்த எங்கள் ஆற்றுத் தண்ணீரைக் கையில் தெளித்துக்கொண்டோம்.

துணி சாத்த எங்களுக்குத் தெரியாது. அது அர்ச்சகர் வேலை. பிள்ளைக்குக் கட்டுவதுபோலக் கட்டினேன், அவிழ்ந்தது. அண்ணன் கொசுவத்தைப் பிடித்துக்கொள்ள, நான் சுற்றினேன். முதல் பெருமாளுக்குச் சாத்திக் கயிற்றைப் போட்டோம். இன்னும் மூன்று விரல் நீளமாகவே இருந்தது. சிவப்பு நூல் இடுப்புத் துணிமேல் கிடந்தது. அவரை விழுந்து சேவித்துவிட்டு, வஸ்திரத்தை வாங்கி இரண்டாமவருக்குச் சாத்தினோம்.

கயிற்றின் இரண்டு நுனியும் இரண்டு திருவடிகளிலும் வந்து நின்றன. ஒரு நெல்லளவும் கூடவில்லை, குறையவில்லை.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இந்தச் சிவப்பு நூல் எதற்கு?"

"அங்க பூ வைக்கப்பிடாது, ஐயா. ஏன்னு தெரியாது."

அவர் விரலை அந்த இடத்துக்கு அடியில் விட்டார். இடது முழங்கை. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தம் பொட்டாக நின்றது. முழங்கைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வார்க்கும்போது நின்ற ஒரு முள் தேய்க்காமல் விடப்பட்டிருந்தது. அந்த இடத்தில் பூ வைத்தால் குத்திக் கிழிந்து மாலை அறுந்திருக்கும். எங்கள் முன்னோரில் யாரோ ஒருவர் கண்டுபிடித்து, சிவப்பு நூல் சுற்றி, காரணம் சொல்லாமல் போயிருக்கிறார்.

நான் தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்தேன். இப்போது தெரிந்தது. அவர்தான். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வந்துட்டீரா வே" என்றார். பெருமாளை அப்படிக் கூப்பிடலாமா என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் பார்க்காதவரை வேறெப்படிக் கூப்பிடுவது?

அதிகாரி குமாஸ்தாவை வரவழைத்தார். விக்கிரகம் எப்படித் தொலைந்தது என்று நேரில் கண்டவரின் வாக்குமூலம் வேண்டும் என்றார். அண்ணன் முன்னால் வந்தார்.

"நான்தான், ஐயா. பின்கொம்பு என் கையில இருந்துச்சு. கை வழுக்கிட்டு."

குமாஸ்தா எழுதத் தொடங்கினார். பெருமாள் புது வேஷ்டியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் வாய் மூடி நின்றதுபோல அங்கேயும் நின்றுவிட்டால் பிறகு எந்தக் கையால் அவருக்கு மாலை கொண்டுபோவது?

"ஐயா, அது சரியில்ல" என்றேன். "அண்ணன் கை வழுக்கல. வழுக்கினது என் கால். என்னைப் பிடிக்கத்தான் அவுக கொம்பை விட்டாக."

"சும்மா கிடலே!" என்று அண்ணன் அதட்டினார்.

அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இரண்டில் எதை எழுத?"

"பெருமாள் முன்னால வச்சு அவுகளையே கேளுங்க" என்றேன்.

அண்ணன் பெருமாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் சொன்னதையே எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

திரும்பும் ரயிலில் விழுப்புரம்வரை அண்ணன் எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். அங்கே ஒருவர் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டு வந்தபோது, "ஏலே, வேட்டி எங்க?" என்றார்.

"அதிகாரி அவிழ்க்கச் சொன்னாரு. நான் அவிழ்க்கல, அண்ணே. சாத்தினதை எப்படி எடுக்க?"

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு."

"நல்ல மனுசன்" என்றார். வெள்ளரிக்காயில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

ஏழு மாதம் கழித்துப் பெருமாள் வந்தார். மரப்பெட்டியில் வைக்கோல் அடைத்துத் திருநெல்வேலிவரை ரயில், அங்கிருந்து வண்டி. ஊரே எல்லையில் நின்றது. மற்றப் பெருமாளும் அந்த ஊராரோடு போய்ச் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெட்டியோடு வாக்குமூலத்தின் நகலும் இங்கிலீஷில் வந்தது. கோயில் வாசலில் கர்ணம் அதைத் தமிழ்ப்படுத்தி வாசித்தார். கயிறு, முள், வேஷ்டி எல்லாம் வந்தது. நான் சொன்னது மட்டும் வரவில்லை. பிறகு கர்ணத்திடம் தனியே கேட்டேன். "பெருமாள் வந்த அன்னைக்கு வாசிக்கிற காரியமா அது? உமக்கும் பெண்பிள்ளை இருக்கு. விடும்" என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். அண்ணனும் அதுவே சரி என்றார்.

அன்றுமுதல் ஊரில், கைவிட்டவனே போய்க் கூட்டிக்கொண்டு வந்தான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைதான். ஆனாலும் அதில் 'கைவிட்டவன்' இருக்கிறான். புறப்பாடு திரும்ப நடக்கிறது. பெருமாள் தெருவில் எழுந்தருளும்போது அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று சேவிப்பார். கோயிலுக்குள் மட்டும் போவதில்லை.

இந்தத் தை மாதம் என் மகளுக்குக் கலியாணம் ஆயிற்று. சம்பந்தி வீட்டாரிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தேன். இனி எனக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. எழுதி முடித்து, சென்ற வாரம் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். துளசி ஆய்ந்துகொண்டே கேட்டார். புலியைப்பற்றி வந்த இடத்தில் சிரித்தார். நான் ஆற்றில் வழுக்கிய இடம் வந்தபோது, "நிறுத்துலே" என்றார். இதுவும் அடுப்புக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"கையைப் பிடிச்சேன்னு எழுதியிருக்கே. கை எங்க இருந்துச்சு? தண்ணிக்கு மேல உன் குடுமி மட்டுந்தான் தெரிஞ்சுது. நடந்ததை நடந்தபடி எழுது" என்றார். ஆய்ந்த துளசியைக் கூடையில் போட்டுவிட்டு, "இதை என்னைக்குக் கோயில்ல வாசிக்கப் போற?" என்று கேட்டார்.

பங்குனிப் புறப்பாட்டன்று என்றேன்.

"அன்னைக்கு மாலையை நீ சுமக்க வேண்டாம். நான் கொண்டு வாரேன்" என்றார்.

மேலே அந்த இடத்தைத் திருத்திவிட்டேன். இதைப் படிக்கிறவர்களை அடியேன் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. உங்கள் வீட்டாருக்கும் பக்கத்து ஊராருக்கும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது கனவைச் சேர்க்க வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு ஒரு வரியைக்கூட விட்டுவிடவும் வேண்டாம். இது என் அண்ணன் கேட்டுத் திருத்தித் தந்தது. அவர் திருத்தியதற்குமேல் வேறு யாரும் திருத்த வேண்டியதில்லை.